ஒப்பந்தத் தொழிலாளர் விபத்துகளில் முதன்மை வேலையளிப்பவரின் பொறுப்பும் காப்பீடும்: கடலூர் மாவட்டத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒப்பந்தக்காரரிடம் பணிபுரியும் தொழிலாளி விபத்துக்குள்ளானால் இழப்பீட்டுப் பொறுப்பு யாரைச் சாரும் என்பதை 1923ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. ஆனால், அப்பொறுப்பை ஈடுசெய்யும் காப்பீட்டை அது கட்டாயமாக்கவில்லை. இவ்விடைவெளியின் விளைவுகளை நெய்வேலி, விருத்தாசலம் வட்டாரங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒப்பந்தத் தொழிலாளர், இழப்பீடு, முதன்மை வேலையளிப்பவர், இ.எஸ்.ஐ., நெய்வேலி, பீங்கான் தொழில்.

முன்னுரை

மங்கலம்பேட்டையும் விருத்தாசலமும் அமைந்துள்ள கடலூர் மாவட்டத்தில் இருவகைத் தொழில்கள் அருகருகே நிலவுகின்றன. ஒன்று, 1956இல் தோன்றிய நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம். மற்றொன்று, விருத்தாசலத்தின் சிறு பீங்கான் கூடங்கள். ஒரே சட்டம் இவ்விரண்டிலும் ஒரே பயனைத் தந்ததா என்பதே இங்கு எழும் வினா.

1923: பொறுப்பின் வரையறை

1924 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தம் தொழிலின் வழக்கமான பணியை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்றது. செலுத்திய தொகையை ஒப்பந்தக்காரரிடமிருந்து மீட்கும் உரிமையும் அவருக்குண்டு. இங்கிலாந்தின் 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது.

எனினும், ‘வழக்கமான பணி’ என்னும் வரம்பு முக்கியமானது. களிமண் அரைக்கும் வேலையை ஒப்பந்தத்திற்கு விடும் பீங்கான் கூட உரிமையாளர் பொறுப்பிலிருந்து விலக இயலாது. அலுவலகச் சுவருக்கு வண்ணம் பூச வந்தவரின் விபத்திலோ அப்பொறுப்பு வழக்காடலுக்குரியது.

1948: காப்பீட்டின் வருகை

1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் வேறொரு வழியைக் கண்டது. ஒப்பந்தத் தொழிலாளருக்கான சந்தாவையும் முதன்மை வேலையளிப்பவரே முதலில் செலுத்த வேண்டும். அவர் செலுத்தத் தவறினும் கழகம் தொழிலாளிக்குப் பயனளித்து, பின்னர் அவரிடம் வசூலிக்கலாம். இதனால் தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கையிருப்பைச் சார்ந்திராத நிலை உருவானது. ஆயினும் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கூடங்கள் இவ்வளையத்திற்கு வெளியே நின்றன. குறிப்பிட்ட ஊதிய வரம்பைக் கடந்தோரும் அதில் அடங்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளருக்கென்றே இயற்றப்பட்ட 1970ஆம் ஆண்டுச் சட்டமும் ஊதியம், அடிப்படை வசதிகள் ஆகியவற்றையே முதன்மையாகக் கருதியது. விபத்து இழப்பீடு பழைய சட்டத்திடமே விடப்பட்டது.

நெய்வேலியும் சிறுகூடங்களும்

2020 மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நிகழ்ந்தன. ஜூலை விபத்தில் அன்றே 6 பேர் உயிரிழந்தனர். காயமுற்றோரில் மேலும் பலர் பின்னர் இறந்தனர். பலியானோரில் ஒப்பந்தத் தொழிலாளர் மிகுதி. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா ரூ.30 லட்சம் அறிவிக்கப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுவனத்திற்கு ரூ.5 கோடி இடைக்கால அபராதம் விதித்தது. பொதுத்துறைப் பெருநிறுவனமாதலின் அங்குப் பணம் தடையாகவில்லை.

சிறுகூடத்தின் நிலை வேறு. இழப்பீட்டுக் கணக்கிற்கான மாத ஊதிய வரம்பு 2020 ஜனவரியில் ரூ.8,000இலிருந்து ரூ.15,000ஆக உயர்த்தப்பட்டது. அவ்வூதியம் பெற்ற 30 வயதுத் தொழிலாளி இறப்பின், ஊதியத்தில் பாதியான ரூ.7,500ஐ வயதுக் காரணியான 207.98ஆல் பெருக்க, ரூ.15,59,850 வழங்கப்பட வேண்டும். ஒரு மாதத்திற்குமேல் தாமதித்தால் 12 விழுக்காடு வட்டி சேரும். தக்க காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை தண்டத்தொகையும் விதிக்கப்படலாம். காப்பீடு எடுக்காத சிறு உரிமையாளருக்கு இது தொழிலையே முடக்கும் தொகை. அவரால் செலுத்த இயலாதபோது, ஆணையரின் உத்தரவு தொழிலாளியின் குடும்பத்திற்கு வெறும் தாளாகவே எஞ்சக்கூடும்.

முடிவுரை

வாகன உரிமையாளருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய நாட்டில், ஆலை உரிமையாளருக்கு இழப்பீட்டுக் காப்பீடு விருப்பமாகவே விடப்பட்டது. 1923, 1948ஆம் ஆண்டுச் சட்டங்களை உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு அறிவிக்கும் ஆபத்தான தொழில்களில் ஒரே ஒருவர் பணிபுரிந்தாலும் இ.எஸ்.ஐ. பொருந்த அது இடமளிக்கிறது. சூளையும் அரைவை இயந்திரமும் அவ்வறிவிப்பில் இடம்பெறுமாயின், நூறாண்டுக்கு முன் வரையறுக்கப்பட்ட பொறுப்பு விருத்தாசலத்தின் சிறுகூடங்களிலும் கைக்கு எட்டும் உரிமையாக மாறும்.