வேகத்தின் வரலாறும் கயிறு பிடித்த கையும்

தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின் பிரிக்கும் பட்டறை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோதுதான் கரிவரதன் பேரை முதலில் கேட்டேன். கையெல்லாம் கிரீஸோடு மெக்கானிக் சொன்னார்: 'காரை ஓட்டுனவரும் அவருதாம், செஞ்சவரும் அவருதாம் அண்ணாச்சி.' தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி தெரியும். அந்தக் கப்பல்களில் நிலக்கரி அள்ளிப் போட்டவன் யாரென்று தெரியாது. நம் வரலாற்றெழுத்தின் பழக்கம் இது: எந்திரத்தை வாங்கியவன் பெயர் இருக்கும், அதைத் தொட்ட கை இருக்காது.

கரிவரதன் இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் குழப்புகிறார். கோவை லட்சுமி மில் குடும்பத்துக்காரர். முதலாளி வர்க்கம்தான், மறைக்க ஒன்றுமில்லை. சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் கார் ஓட்டியவர். வேகம் அன்று பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. வெளிநாட்டுக் கார் வாங்க வசதியுள்ளவர்களின் விளையாட்டு. 1983 கடைசியில் வந்த மாருதி 800 நடுத்தரக் குடும்பத்துக் கார். அதன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார் கரிவரதன். அதுதான் ஃபார்முலா மாருதி. உதிரிபாகம் கடைத்தெருவில் கிடைக்கும். உள்ளூர் மெக்கானிக் பிரித்து மாட்டலாம். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்றால் பணத்தின் பலம் குறைந்து ஓட்டுகிறவனின் திறன் முன்னுக்கு வரும். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனின் தொடக்கப் பந்தயங்கள் இந்தக் காரில்தான்.

இதனால் வேகம் பொதுவுடைமை ஆகிவிட்டதா? அந்த மலிவு யாருக்கு மலிவு என்று கேட்க வேண்டும். பட்டறைப் பையன் நட்டு முடுக்கலாம். ஸ்டீயரிங் அவன் கைக்கு வருவது அபூர்வம்.

எங்கள் கடற்கரையில் இந்தக் கேள்வி பழையது. முத்துக்குளிப்பில் பரதவரும் முஸ்லிம்களும் கல்லின் கனத்தோடு மூச்சடக்கி இறங்கினார்கள். தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். கயிற்றின் சின்ன அசைவைக் கவனிக்கத் தவறினால் கீழே இருப்பவர் உயிர் போய்விடும். ஆங்கிலேய அரசு சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து ஏலம் விட்டது. 1961உடன் அந்தப் பெரிய முத்துக்குளிப்புகள் முடிந்தன. இறங்கியவர் பெயருமில்லை, கயிறு பிடித்தவர் பெயருமில்லை.

பந்தயக்காரரும் உடலைத்தான் பணயம் வைக்கிறார். அவருக்கு அது விருப்பம், இவர்களுக்கு அது சோறு. 1995இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். 2003இல் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் அவர் பெயரில் பந்தயத் தடம் வந்தது. அந்தப் பெயர் அவருக்குத் தகும். எந்திரத்தைப் பிரித்துப் பார்க்கக் கை வைத்த முதலாளிகள் நம்மிடம் குறைவு. ஆனால் அவரை மேதை என்று மட்டும் எழுதி நிறுத்தினால் கயிறு பிடித்த கைகளை மறுபடி அழிக்கிறோம்.

அவர் காரில் வேலை பார்த்தவர்கள் பெயர் தெரியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். 'அதெல்லாம் யாரு எழுதி வச்சா அண்ணாச்சி' என்றார். எழுதாதவர்களில் நானும் ஒருவன். கோவைப் பட்டறைகளில் போய்க் கேட்டு எழுதும் வேலை நமக்கு மிச்சமிருக்கிறது.