சர்க்கரை போன ரெண்டு வழி

நாகர்கோவில்ல ஒரு டீக்கடைக்குப் போய், "அண்ணே, சர்க்கரை கம்மியா ஒரு டீ"ன்னு கேட்டுப் பாருங்க. அண்ணனுக்குப் புரியும். ஆனா மாஸ்டர் கிட்ட அவர் சொல்றது "சீனி கம்மி"ன்னுதான். தெற்கே வெள்ளையா இருக்கிறது சீனி, சர்க்கரைன்னா வெல்லம். சென்னைக்காரங்களுக்கும் இது மறந்து போகல, சர்க்கரைப் பொங்கல்ல யாரும் சீனியைக் கொட்டுறதில்லையே. பக்கத்து மலையாளத்துலயும் சர்க்கரைன்னா வெல்லம்தான்.

இந்த ஒரு சொல் நம்ம பக்கத்துல இருந்து ரெண்டு தடவை உலகம் சுத்தப் போயிருக்கு.

முதல் பயணம் ஸ்பெயினுக்கு. சமஸ்கிருதத்துல 'சர்க்கரா'ன்னா சரளைக் கல், மணல் பருக்கை. சாறு காய்ச்சி இறுகினா நறநறன்னு இருக்கும்ல, அதனால அந்தப் பேரு. அது பாரசீகத்துல ஷக்கர், அரபியில சுக்கர் ஆச்சு. அரபியில பேருக்கு முன்னாடி 'அல்' சேர்ப்பாங்க. சகரம் வந்தா அது 'அஸ்' ஆகிடும். அஸ்-சுக்கர். 711-ல் தொடங்கி ஏறக்குறைய 800 வருஷம் ஸ்பெயின்ல அரபு ஆட்சி இருந்துச்சு. அந்த ஊர்க்காரங்க முன்னொட்டையும் சேர்த்தே எடுத்துக்கிட்டாங்க: அசூக்கார். இத்தாலி வழியாப் போன இங்கிலீஷ் 'சுகர்'ல அந்த 'அ' இல்ல.

இன்னொரு வேடிக்கை. ஸ்பானிஷ்ல ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பாலா பெண்பாலான்னு முடிவு பண்ணியாகணும். அசூக்கார் ரெண்டும்! முன்னாடி ஆண்பால் சொல், பின்னாடி பெண்பால் அடைமொழின்னு ஒரே தொடர்லயே கலந்து எழுதுவாங்க. அதுவும் சரிதான்னு இலக்கணக்காரங்களே ஒத்துக்கிறாங்க.

1493-ல் கொலம்பஸ் தன்னோட ரெண்டாவது பயணத்துல கரும்பைக் கரீபியனுக்குக் கொண்டு போனார். அதுக்கப்புறம் அசூக்கார்னா அடிமை வேலை. கியூபாவுல அடிமை முறை ஒழிஞ்சது 1886-ல்தான். அந்த ஊர் பாடகி செலியா குரூஸ், மியாமி ஹோட்டல்ல ஒரு வெயிட்டர் "காபிக்கு சர்க்கரை வேணுமா?"ன்னு கேட்ட கதையை மேடையில சொல்லுவாங்க. கியூபாக்காரி கிட்ட கேக்கிற கேள்வியா அது? கதை போகப் போகச் சுருங்கி, கடைசியில "அசூக்கார்!"ங்கிற கத்தல் மட்டும் மிச்சம். 2024-ல் அமெரிக்கா அவங்க படம் போட்டு வெளியிட்ட கால் டாலர் நாணயத்துல அந்தச் சொல்லும் இருக்கு.

ரெண்டாவது பயணம் நம்ம கடற்கரையில இருந்து. 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்து இறங்கின போர்த்துகீசியர் கிட்ட 'அசூக்கர்'னு அதே அரபுச் சொல் ஏற்கெனவே இருந்துச்சு. ஆனா இங்க பனஞ்சாறு, தென்னஞ்சாறு காய்ச்சின கறுத்த கட்டியை ஜனங்க 'சக்கரை'ன்னு சொல்லக் கேட்டாங்க. தன் வீட்டுச் சொல்லோட அக்கா தங்கச்சின்னு அடையாளம் தெரியாம, புதுசா ஒண்ணுன்னு நினைச்சு 'ஜாகரா'ன்னு எழுதிக்கிட்டாங்க. அதுதான் இங்கிலீஷ்ல 'ஜாகரி'. பழைய இங்கிலீஷ் அகராதிகள்ல ஜாகரின்னா முதன்மையா பனைச் சர்க்கரைதான். அதாவது, நம்ம கருப்பட்டி.

அதைக் காய்ச்சினது யாரு? விடியுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவைன்னு பனை ஏறி, பாளை சீவி, சுண்ணாம்பு தடவின கலயத்துல அக்கானி இறக்கணும். பதநீருக்கு குமரிப் பக்கம் அதான் பேரு. சுண்ணாம்பு இல்லேன்னா கள்ளாப் புளிச்சுடும். அப்புறம் வீட்டுப் பெண்கள் மணிக்கணக்கா அடுப்புப் புகையில நின்னு காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில ஊத்தி ஆற வைக்கணும். இவ்வளவுக்கும் மேல திருவிதாங்கூர் அரசு இவங்க மேல வரி போட்டுச்சு: ஏறுற ஏணிக்கு ஏணிக்காணம், கால்ல மாட்டுற தளைக்குத் தளைக்காணம். பொருளுக்கு இல்லீங்க, ஏறுற கருவிக்கு வரி! சர்க்கரை கூட ஒட்டிக்கிட்ட சொற்கள்ல இது ரெண்டும் எந்தக் கப்பல்லயும் ஏறல. கியூபாவுல சவுக்கு, இங்க வரி. ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஆனா இனிப்போட கணக்கை யார் முதுகுல எழுதினாங்கன்னு ரெண்டு இடத்துலயும் கேக்கத்தான் வேண்டியிருக்கு.

இப்போ பெருநகர சூப்பர் மார்க்கெட்ல அதே கட்டி 'பாம் ஜாகரி'ன்னு லேபிள் ஒட்டி உட்கார்ந்திருக்கு. பில் போடும்போது கேட்டுப் பாருங்க, "கருப்பட்டி இருக்கா?"ன்னு.