நாமக்கல் கோட்டையும் நிஜாமின் கணக்கும்

நாமக்கல் நகரின் நடுவே நிற்கும் பாறைக் கோட்டையைத் திப்பு சுல்தானின் பெயரோடு சேர்த்தே நாம் நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். முஸ்லிம் மன்னர் ஒருபுறம், வெள்ளையர் மறுபுறம் என்று கதையையும் எளிதாக முடித்துவிடுகிறோம். களத்தில் அணிகள் அவ்வாறு பிரிந்து நிற்கவில்லை.

1767இல் முதலாம் மைசூர்ப் போர் மூண்டபோது ஐதராபாத் நிஜாம் முதலில் ஆங்கிலேயரோடு இருந்தார். பின் ஹைதர் அலியோடு சேர்ந்தார். 1768 பிப்ரவரியில் மீண்டும் ஆங்கிலேயரிடமே திரும்பினார். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியோ தொடக்கம் முதலே கும்பெனியின் கூட்டாளி. அவ்வாண்டு கர்னல் வுட் சேலம், நாமக்கல், ஈரோடு எனக் கோட்டைகளை வரிசையாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் சிறு காவற்படையை விட்டுச் சென்றார். ஆண்டு முடிவதற்குள் ஹைதரின் படைகள் அவற்றைப் பெரும்பாலும் மீட்டுவிட்டன. ஒரே ஆண்டில் இருமுறை கொடி மாறிய ஊரில் உழவர் யாரிடம் வரி செலுத்தியிருப்பர், எத்தனை முறை செலுத்தியிருப்பர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

1769இல் ஹைதர் சென்னையின் வாயிலுக்கே சென்று உடன்படிக்கை செய்தார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அடுத்து மராத்தியர் மைசூர் மீது பாய்ந்தபோது கும்பெனி அசையவில்லை.

மூன்றாம் மைசூர்ப் போரில் கும்பெனி, நிஜாம், மராத்தியர் மூவரும் திப்புவுக்கு எதிராக ஒன்றுகூடினர். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் தம் நாட்டில் பாதியை இழந்தார்; 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார்; இரு மைந்தரைப் பிணையாக அனுப்பினார். சேலமும் பாராமகாலும் கும்பெனியின் பங்காயின. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்து வரி விதித்த முறையே பின்னாளில் ரயத்துவாரியாக வளர்ந்தது.

நிஜாமுக்கும் பங்கு கிடைத்தது. 1799 மே 4இல் திப்பு போரில் வீழ்ந்தபின் மேலும் கிடைத்தது. ஆனால் 1800இல், தம் நாட்டில் நிறுத்தப்பட்ட கும்பெனிப் படையின் செலவுக்கென்று, மைசூரிடமிருந்து பெற்ற நிலங்களை அவர் கும்பெனியிடமே ஒப்படைத்தார்.

மார்க்கத்தால் நெருங்கியவர் எதிரணியில் நின்ற அந்நாளில், கொங்கு நாட்டின் தீரன் சின்னமலை திப்புவின் பக்கம் நின்றார். திப்புவுக்குப் பின்னும் அவர் போரை நிறுத்தவில்லை. 1805 ஜூலை 31இல் ஆங்கிலேயர் அவரைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டனர்.