ஒற்றைத் தலைவலிக்கு ஓர் அரசாங்க மருந்துக்கடை

தலைவலியும் பல்வலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அதிலும் ஒற்றைத் தலைவலி இருக்கிறதே, அது தனி ரகம். பாதித் தலை மட்டும் விண்விண் என்று தெறிக்கும், வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, குமட்டல் வேறு. சீன மொழியிலும் இதற்கு 'பியன் தோ தெங்', அதாவது ஒருபக்கத் தலைவலி என்றுதான் பெயர். இந்த வலிக்கு மருந்து தேடிய சீனர்களின் கதையில் முக்கியமான ஒரு திருப்பம் நடந்த இடம் ஒரு கடை! அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பழங்காலச் சீனாவில் நல்ல வைத்தியம் என்பது பெரிய இடத்துச் சமாச்சாரம். மூன்று அரசுகள் காலத்துக்குச் சற்று முன் வாழ்ந்த சாவ் சாவ் (155-220) என்ற தளபதிக்குத் தீராத தலைவலி. வலி வரும்போதெல்லாம் ஹுவா தோ என்ற புகழ்பெற்ற வைத்தியர் ஊசி குத்திக் குணப்படுத்துவார். ஒருமுறை ஊருக்குப் போன வைத்தியர், மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லித் திரும்பி வரவில்லை. கோபப்பட்ட சாவ் சாவ் அவரைச் சிறையில் போட்டுக் கொன்றே விட்டார். பிறகு சொந்த மகன் நோயில் விழுந்தபோது, அந்த வைத்தியர் இல்லையே என்று வருந்தினாராம். அதிகாரம் உள்ளவனுக்கே இந்தக் கதி என்றால் சாதாரண மக்கள் என்ன செய்திருப்பார்கள்?

சுமார் 850 ஆண்டுகள் கழித்து, சோங் வம்சத்தின் காலம். பேரரசர் ஷென்சோங் தன் முதலமைச்சர் வாங் அன்ஷிக்கு ஒற்றைத் தலைவலிக்கான அரண்மனை ரகசிய மருந்து ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். என்ன தெரியுமா? முள்ளங்கிச் சாறு! ஒரு சிறிய சிப்பி ஓடு அளவு எடுத்து, மல்லாந்து படுத்து மூக்கில் விட வேண்டும். இடப்பக்கம் வலித்தால் வலது மூக்கு, வலப்பக்கம் வலித்தால் இடது மூக்கு. சு ஷி, ஷென் குவோ ஆகிய இரு அறிஞர்களின் பெயரில் வழங்கும் மருத்துவத் தொகுப்பில் இது பதிவாகி இருக்கிறது. முள்ளங்கி போன்ற சாதாரணப் பொருளைக்கூட அரண்மனை ரகசியமாக வைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

அதே வாங் அன்ஷியின் சீர்திருத்தங்களில் ஒன்றாக, 1076-ல் தலைநகர் கைஃபெங்கில் அரசாங்க மருந்துக்கடை திறக்கப்பட்டது. மூலிகையை வாங்கிப் போய் வீட்டில் காய்ச்சும் வேலை இல்லை. சூரணம், மாத்திரை எனத் தயார் நிலையில் விற்றார்கள். கடையின் மருந்து முறைகள் நூலாகத் தொகுக்கப்பட்டன. 1107-1110 காலத்தில் திருத்தப்பட்டபோது அதில் 297 முறைகள் இருந்தன, பின்னாளில் 788 ஆனது. அரண்மனை ரகசியம் என்ற நிலை மாறி, அச்சிட்ட புத்தகத்தில் யாரும் படிக்கலாம் என்றானது.

அந்த நூலில் வருவதுதான் 'சுவான்சியோங் தேநீர் சூரணம்'. ஒருபக்கத் தலைவலி, முழுத் தலைவலி இரண்டுக்கும் என்று குறித்திருக்கிறார்கள். மொத்தம் எட்டுச் சரக்குகள். புதினா வகை இலை 8 பங்கு, சிச்சுவான் மாகாணத்து வேரான சுவான்சியோங் 4 பங்கு, சிங்சியே 4 பங்கு, நமக்குத் தெரிந்த அதிமதுரம் 2 பங்கு, சீசின் 1 பங்கு, இன்னும் மூன்று வேர்கள். வேளைக்கு சுமார் 8 கிராம், சாப்பாட்டுக்குப் பிறகு. அனுபானம் தேநீர். நெற்றிப்பொட்டுக்கு ஒரு வேர், நெற்றிக்கு ஒன்று, பிடரிக்கு ஒன்று என்று பிற்கால வைத்தியர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். வலி எங்கே இருந்தாலும் ஒரே பொட்டலம் போதும். கடையில் விற்க இதைவிட வசதியான மருந்து கிடைக்குமா?

சரி, மக்களுக்கு நிஜமாகவே பயன் கிடைத்ததா? சௌ மி (1232-1298) என்ற எழுத்தாளர் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறார். தென் சோங் காலத்தில் 70 கடைகள் இருந்தன, விலை சந்தையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, நஷ்டத்தை ஆண்டுதோறும் கஜானா ஈடுகட்டியது. ஆனால் ஊழியர்கள் பச்சைக் கற்பூரத்தை எடுத்துக்கொண்டு சாதாரணக் கற்பூரத்தைக் கலந்தார்கள். நல்ல மருந்து அதிகாரிகள் வீட்டுக்குப் போனது. விலை குறைவாக இருக்கும் இடத்தில் சரக்கு பின்வாசல் வழியாகப் போவது அன்றும் இருந்திருக்கிறது!

இன்னொரு எதிர்ப்பு வைத்தியர்களிடமிருந்து வந்தது. யுவான் காலத்து சூ சென்ஹெங் (1281-1358) இந்த நூலை விமர்சித்துத் தனி நூலே எழுதினார். நாடி பார்க்காமல், ஆளைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்து மருந்து கொடுக்கலாமா என்பது அவர் கேள்வி. ஆற்றில் வாளைத் தவறவிட்டவன் படகில் அடையாளம் போட்டுத் தேடிய கதைதான் இது என்றார்.

அவர் பயம் வீண் அல்ல. சீசின் செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது, இது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இலையில் அதிகம், வேரில் குறைவு. அதனால்தான் சீன அரசின் மருந்து நூல் 2005-ல் வேர்ப்பகுதியை மட்டும் பயன்படுத்தச் சொல்லி மாற்றியது. ஒற்றைத் தலைவலிக்கு இந்தச் சூரணம் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை, உறுதியாகச் சொல்லப் போதாதவை. தேநீரில் உள்ள காஃபின் மட்டும் இன்றைய சில தலைவலி மாத்திரைகளிலும் சேர்க்கப்படுகிறது.

இந்தச் சூரணம் இன்றும் சீன மருந்துக்கடைகளில் மாத்திரையாகவும் குருணையாகவும் விற்கிறது. எல்லோருக்கும் எட்டும் விலையில் மருந்து வேண்டும் என்றால் ஒரே மாதிரி செய்து குவிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் பொருந்த வேண்டும் என்றால் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வாங் அன்ஷி முதலாவதைத் தேர்ந்தெடுத்தார், சூ சென்ஹெங் இரண்டாவதை. பாதித் தலையைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்ற ஏழைக்கு இரண்டுமே தேவைப்பட்டது.