ஜாதவ்பூரின் ஆர்செனிக் ஆய்வு மையம் நடத்தப்பட்ட விதம்

1983-ஆம் ஆண்டில், கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல்நோய் மருத்துவர் க்ஷிதீஷ் சந்திர சாஹா, சிற்றூர்களிலிருந்து வந்த நோயாளிகளின் மார்பில் கரும்புள்ளிகளையும் உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடித்த காய்ப்புகளையும் கண்டார். அவை குடிநீரில் கலந்த ஆர்செனிக்கின் அடையாளங்கள். அந்த நீர் அடிகுழாய்களிலிருந்து வந்தது. குளத்து நீரால் பரவும் வாந்திபேதியிலிருந்து மக்களைக் காப்பதற்காக இறக்கப்பட்டவையே அக்குழாய்கள். வங்காளிகள் அடிகுழாயை ‘கோல்’ என்பார்கள். இயந்திரம் என்பதற்கும் அதே சொல்தான். ஏட்டு வழக்கில் அது ‘நலகூப்’. கூபம் என்றால் கிணறு என்பது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், பழைய கிணற்று நீருக்கும் இந்தக் ‘கூப’த்து நீருக்கும் நிலவியல் அடிப்படையில் பெரும் வேறுபாடு உண்டு. ஆர்செனிக் கரைந்திருந்தது, குழாய்கள் எட்டிப் பிடித்த ஆற்றுவண்டல் அடுக்குகளில். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை.

சாஹா கண்டது மருத்துவ உண்மை. எத்தனை குழாய்களில் நஞ்சு, எத்தனை ஊர்களில் நஞ்சு என்ற கேள்விக்கு விடை தேட வேறுவகை நிறுவனம் தேவைப்பட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய பகுப்பாய்வு வேதியியலாளர் தீபங்கர் சக்ரவர்த்தி 1988-இல் மேற்கு வங்கக் கிராமங்களில் கள ஆய்வைத் தொடங்கினார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வுப் பள்ளி அவரது தலைமையில் வளர்ந்தது.

அம்மையத்தின் நிர்வாக முறையை அந்த நஞ்சின் இயல்பே தீர்மானித்தது எனலாம். நிலத்தடி ஆர்செனிக் ஊருக்கு ஊர் மட்டுமல்ல, குழாய்க்குக் குழாய் மாறும். ஒரு வீட்டின் குழாயில் வரம்பைப் பலமடங்கு மீறியிருக்கும். பக்கத்து வீட்டுக் குழாயில் அநேகமாக இராது. ஆகவே ஊருக்கு நான்கு மாதிரி எடுத்துச் சராசரி கணக்கிடுவது அறிக்கைக்கு உதவும், குடிப்பவருக்கு உதவாது. ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். இதை ஏற்றுக்கொண்டால், விலையுயர்ந்த ஒரு கருவியும் நாலைந்து பேராசிரியர்களும் போதாது. சிறு புட்டிகளோடு ஊர் ஊராகச் செல்லும் ஆய்வு மாணவர்கள், ஆயிரக்கணக்கில் வரும் மாதிரிகளைச் சலிப்பின்றி அளக்கும் ஆய்வகம், உடன்வரும் மருத்துவர்கள் ஆகிய அனைத்தும் வேண்டும். 2009-இல் வெளியான இருபதாண்டு அறிக்கையின்படி மேற்கு வங்கத்தில் மட்டும் சோதிக்கப்பட்ட மாதிரிகள் 1,40,150. அவற்றில் 48.1 விழுக்காடு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமை மீறியிருந்தன, 23.8 விழுக்காடு 50 மைக்ரோகிராமையும் மீறியிருந்தன.

நீரோடு இப்பணி நிற்கவில்லை. தோலில் எதுவும் தெரியாதவர்களின் தலைமுடி, நகம், சிறுநீர் ஆகியவையும் சோதிக்கப்பட்டன. உடலுக்குள் நஞ்சு சேர்ந்திருப்பது அவற்றில்தான் தெரியும். தோல்புண்களைத் தொழுநோய் என்று அஞ்சி உறவினரே ஒதுக்கிய ஊர்களில், காரணம் குடிநீர் என்று நிறுவுவது வேதியியல் முடிவு மட்டுமன்று.

துறை எல்லைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லைக்கு அப்பால் டாக்கா சமுதாய மருத்துவமனையோடு கைகோத்து வங்கதேசத்தில் நடத்திய ஆய்வின் கட்டுரை 2000-இல் வெளிவந்தது. ஆசிரியர் பட்டியலில் பதினான்கு பெயர்கள். ஜாதவ்பூர் ஆய்வாளர்களின் பெயர்களோடு தோல்நோய் மருத்துவர் சாஹாவின் பெயரும் டாக்கா மருத்துவர் காசி குவாமருஸ்ஸமானின் பெயரும் அதில் உள்ளன. இயக்குநரின் பெயர் கடைசியில் வருகிறது. இது அறிவியல் இதழ்களில் வழக்கமான வரிசைதான். ஆயினும் வேதியியலாளரையும் மருத்துவரையும், இரு நாடுகளின் நிறுவனங்களையும் ஒரே பட்டியலில் அமர்த்துவது இந்தியப் பல்கலைக்கழகச் சூழலில் எளிய காரியமன்று என்பதைத் துறைச் சண்டைகளை அறிந்தவர்கள் உணர்வார்கள்.

நஞ்சு வங்கக் கழிமுகத்தோடு முடிந்துவிடுகிறது என்று கருதப்பட்ட காலத்தில், தோல்புண்களைப் பற்றிய செவிவழிச் செய்தியொன்று இக்குழுவைப் பீகாரின் போஜ்பூர் மாவட்டத்திலுள்ள செம்ரியா ஓஜா பட்டிக்கு இட்டுச் சென்றது. அங்கே 206 குழாய்களைச் சோதித்தார்கள். அது ஊரின் மொத்தக் குழாய்களில் 95 விழுக்காடு. 56.8 விழுக்காட்டில் அளவு 50 மைக்ரோகிராமுக்கு மேல். சோதனைக்குத் தாமே முன்வந்த 160 குழந்தைகளில் 6.3 விழுக்காட்டினருக்குத் தோல்புண்கள் இருந்தன. 2003-இல் வெளியான அக்கட்டுரைக்குப் பின், நடுக் கங்கைச் சமவெளியை இவ்வரைபடத்திலிருந்து விலக்கி வைக்க முடியவில்லை. திட்ட முன்மொழிவும் நிதி ஒப்புதலும் வரும்வரை செவிவழிச் செய்தியைக் காத்திருக்க வைக்கும் மையமாக அது இருந்திருந்தால் இக்கண்டுபிடிப்பு எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்கும்?

மிகக் கசப்பான பகுதி தீர்வு பற்றியது. 2001 ஆகஸ்டில், மேற்கு வங்கத்தின் ஒரு பகுதியில் உள்நாட்டு, வெளிநாட்டு உற்பத்தியாளர்களின் ஆர்செனிக் நீக்கும் கருவிகள் நிறுவப்பட்டன. மக்கள் உடனே அந்நீரைக் குடிக்கத் தொடங்கினர். ஜாதவ்பூர்க் குழு 11 உற்பத்தியாளர்களின் 18 கருவிகளை இரண்டாண்டுகள் தொடர்ந்து அளந்தது. உலக சுகாதார நிறுவன வரம்புக்குள் நீரைத் தொடர்ந்து வைத்திருந்த கருவி ஒன்றுமில்லை. 50 மைக்ரோகிராம் என்ற அன்றைய இந்திய வரம்பைக் காத்தவை இரண்டே. திறப்புவிழாவோடு வெற்றி அறிவிக்கப்படும் நாட்டில், விழா முடிந்தபின் இரண்டாண்டுகள் அதே ஊருக்குப் புட்டியோடு திரும்பத் திரும்பச் செல்வதற்கு ஒரு மையம் தன் ஆட்களை ஒதுக்கியிருக்க வேண்டும். அதன் முடிவு யாருக்கு உவப்பாக இராது என்று தெரிந்தும் வெளியிட வேண்டும். 2005-இல் அது வெளியிட்டது.

மழைக்குக் குறைவில்லாத வங்கத்தில் குளங்களையும் ஆறுகளையும் திறந்த கிணறுகளையும் ஊர்மக்களின் பங்கேற்போடு தூய்மையாகப் பேணுவதே வழி என்று 2018-இல் மறையும்வரை சக்ரவர்த்தி வலியுறுத்தி வந்தார். ஆய்வு முடிந்தபோது அந்தப் பதினெட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை பயன்பாட்டில் இல்லை.