சப்பாத்தும் கம்பியும்: வளைபாதத்தின் வரலாறு



ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்று, பாதம் உட்பக்கமாகத் திரும்பிய நிலையில் பிறக்கிறது. ஆங்கிலத்தில் கிளப்ஃபூட். நாம் வளைபாதம் என்று சொல்வோம். நம்மில் சிலர் இன்னும் இதைக் கண்ணூறு என்றும் கிரகணத்தின் வேலை என்றும் பேசிக்கொண்டு பிள்ளையை மறைத்து வைக்கிறோம். ஆனால் இதற்கு வைத்தியம் தேடிய வரலாறு மிகப் பழையது.

சுமார் 2400 வருடங்களுக்கு முன்னர், கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்கள் இதற்கு வழி சொல்லியிருக்கின்றன: பிறந்தவுடன் தொடங்க வேண்டும், கையால் மெதுவாகத் திருப்பிக் கட்டுப்போட வேண்டும், பிறகு திரும்பிய பாதத்தைக் காக்க விசேட சப்பாத்து அணிவிக்க வேண்டும். 1780இல் சுவிட்சர்லாந்தின் ஓர்ப் நகரில் வெனெல் என்ற வைத்தியர் இப்படியான பிள்ளைகளுக்கென்றே ஒரு நிலையம் திறந்தார். 1934இல் லண்டனில் டெனிஸ் பிரவுன், இரண்டு பாதங்களையும் ஒரு கம்பியால் இணைக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார்.

ஆக, கருவிக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டில் கத்தியே முன்னுக்கு வந்தது. இந்தப் போக்கைக் கேள்வி கேட்டவர் இக்னாசியோ பொன்செட்டி. ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் கடிகாரம் திருத்துபவரின் மகனாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் காயப்பட்டோருக்கு வைத்தியம் பார்த்து, நாட்டை விட்டு வெளியேறி, 1941இல் அமெரிக்காவின் அயோவாவுக்கு வந்து சேர்ந்தவர். அங்கே முன்னர் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட பாதங்கள் விறைத்தும் வலித்தும் போயிருந்ததை அவர் கண்டார். கையால் மெதுவாகத் திருப்பி வாராவாரம் பிளாஸ்டர் மாற்றும் முறையை உருவாக்கினார். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குதிநாணில் ஒரு சிறு வெட்டு மட்டும் தேவைப்பட்டது. 1963இல் முடிவுகளை வெளியிட்டார். முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பலர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1995இல் அவரது பழைய நோயாளிகள் 45 பேரைப் பரிசோதித்தபோது 78 வீதமானோரின் பாதங்கள் நல்ல நிலையில் இருந்தன. அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆனால் பிளாஸ்டர் கழற்றியதும் வேலை முடிவதில்லை. கம்பியால் இணைத்த சப்பாத்தை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம் போட வேண்டும். பிறகு நான்கு வயது வரை தூங்கும் நேரங்களில் மட்டும். ஒழுங்காகப் போட்ட குடும்பங்களில் 6 வீதமான பிள்ளைகளுக்கே பாதம் மீண்டும் வளைந்தது. விட்டுவிட்ட குடும்பங்களில் அது 80 வீதத்துக்கும் மேல். பாதத்தைத் திருப்புவது வைத்தியரின் கை. திரும்பவிடாமல் வைத்திருப்பது உம்மாவின் கை.

கஷ்டமான காலம் முதல் சில நாட்கள்தான். பிள்ளை கால்களைத் தனித்தனியாக உதைத்துப் பழகியது. இப்போது இரண்டையும் சேர்த்து உதைக்கப் பழக வேண்டும். அழும். அழுகிறதே என்று கழற்றினால், அழுதால் கழற்றுவார்கள் என்பதைத்தான் அது படிக்கும். கம்பியைப் பிடித்து இரு முழங்கால்களையும் ஒன்றாக மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள். காலுறையில் சுருக்கம் இல்லாமல் போடுங்கள். தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். புண் வந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். தூக்கத்துக்குப் போகுமுன் சப்பாத்து என்பது பல் துலக்குவதுபோல வழக்கமாகிவிட வேண்டும்.

பணம் இல்லாதவர்களுக்கு என்ன வழி? உகண்டாவில் ஸ்டீன்பீக் என்பவர், உள்ளூர்த் தோலிலும் இரும்பிலும் சாதாரண சப்பாத்துத் தொழிலாளியே செய்யக்கூடிய கருவியை வடிவமைத்தார். பெரிய தொழிற்சாலை தேவைப்படவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் பிள்ளைகளை ஆண்டு ஒன்றில்தான் சந்திக்கிறோம். அப்போது கம்பி கழன்றிருக்கும். ஓடிப்பிடித்து விளையாடும் கூட்டத்தில் எந்தப் பிள்ளை வளைபாதத்தோடு பிறந்தது என்று நமக்குத் தெரியாமலே போகும். அப்படித் தெரியாமல் போவதற்காக ஒரு வீட்டில் நான்கு வருட இரவுகள் செலவாகியிருக்கின்றன.

ஆகவே இப்படியொரு பிள்ளை உங்கள் குடும்பத்தில் பிறந்தால் மறைக்காதீர்கள், முதல் வாரங்களிலேயே வைத்தியரிடம் கொண்டு போங்கள். சப்பாத்து போட்டிருக்கும் பிள்ளையின் உம்மாவிடம் "பாவம், கழற்றிவிடுங்களேன்" என்று சொல்லாதீர்கள். அல்லாஹ் அந்தப் பெற்றோரின் பொறுமைக்கு நற்கூலி தருவானாக.