மேசையளவில் எக்ஸ் கதிர் இலேசர்: ஒரு வரலாற்று நோக்கு

1895 ஆம் ஆண்டு நவம்பரில் ஜேர்மனியின் வூட்ஸ்பூர்க் நகரிலே பேராசிரியர் றொன்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1960 மே மாதத்திற் கலிபோர்ணியாவிலே மெய்மன் என்பார் மாணிக்கப் பளிங்கினைக் கொண்டு முதல் இலேசரை இயக்கினார். இவ்விரண்டினையும் இணைத்து, எக்ஸ் கதிரையே இலேசராக்குதல் கூடுமோ என அறிஞர் ஆராயலாயினர். எண்ணுதல் எளிது; செய்தலோ அரிது.

இவ்வருமைக்குக் காரணங்கள் இரண்டு. அலைநீளம் குறையக் குறைய, கிளர்ச்சியுற்ற இலத்திரன் அந்நிலையில் தங்குங்காலம் மிகச் சுருங்கும். ஆதலின் அதனை அந்நிலைக்கு ஏற்றுதற்கு வேண்டிய வலு பன்மடங்கு பெருகும். அன்றியும், சாதாரண ஆடிகள் இக்கதிரைத் தெறிக்கச் செய்யாது உறிஞ்சிவிடும். ஆகவே, ஒடுங்கி நீண்ட பிளாஸ்மா நிரலினூடே ஒருமுறை செல்லும்போதே கதிர் போதிய பெருக்கம் பெறல் வேண்டும்.

பெருவலுவைத் தேடியோர் அணுகுண்டையும் நாடினர். 1980 இல் லோறன்ஸ் லிவமோர் ஆய்வுகூடத்தார் நெவாடாவில் நிலத்தின்கீழ் அணுகுண்டை வெடித்து அதன் சத்தியால் எக்ஸ் கதிர் இலேசரைப் பெற முயன்றனர். ஒருமுறை இயங்கியதும் கருவியே அழிந்துபோகும் இம்முறை அமைதியான ஆராய்ச்சிக்கு உதவுவதன்று.

1984 இல் அவ்வாய்வுகூடத்தைச் சேர்ந்த மத்தியூஸ் முதலியோர் நொவெற் என்னும் பேரிலேசரின் ஒளியை மெல்லிய செலீனியத் தகட்டிற் பாய்ச்சினர். செலீனிய அணுக்கள் 24 இலத்திரன்களை இழந்து, நியோனைப்போலப் பத்து இலத்திரன்களுடன் நின்றன. ஏறத்தாழ 21 நனோமீற்றர் அலைநீளத்தில் இலேசர்க்கதிர் எழுந்தது. வெற்றி பெரிதே. ஆயினும் அத்தகைய பேரியந்திரம் சிறு பல்கலைக்கழகங்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது.

அந்நிலையை மாற்றியவர் கொலறாடோ அரச பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் றொக்கா. 1994 இல் அவர் குழுவினர், 4 மில்லிமீற்றர் விட்டமும் 12 சென்ரிமீற்றர் நீளமுமுடைய மயிர்த்துளைக்குழாயில் ஆகன் வாயுவை நிரப்பி, ஏறத்தாழ 40,000 அம்பியர் மின்னோட்டத்தைக் கணப்பொழுது செலுத்தினர். அம்மின்னோட்டத்தின் காந்தப்புலமே பிளாஸ்மாவை நெருக்கி நூல்போல் ஒடுக்கியது. எட்டு இலத்திரன்களை இழந்த ஆகன், நியோனின் அமைப்பை எய்தி, 46.9 நனோமீற்றர் இலேசர்க்கதிரை உமிழ்ந்தது. பேரிலேசர் எதுவும் வேண்டப்படவில்லை. மேசையொன்றில் அடங்கும் கருவியே போதியதாயிற்று. இவ்வலைநீளத்தை அதீத ஊதாகடந்த கதிர் எனப் பகுப்பாரும் உளர். எனினும் பாதை திறந்துவிட்டது.

1997 இல் பேர்லின் மாக்ஸ் போர்ண் நிறுவகத்தார் பிறிதொரு வழி கண்டனர். நீண்ட துடிப்பொன்றால் தைத்தேனியப் பிளாஸ்மாவை முதலில் ஆக்கி, பின்னர் மிகக் குறுகிய துடிப்பொன்றால் அதனைச் சூடாக்கினர். சில யூல் சத்தியே 32.6 நனோமீற்றர் இலேசருக்குப் போதியதாயிற்று. 2005 அளவில், பம்பும் ஒளியைச் சாய்வாகச் செலுத்தும் முறையால், செக்கனுக்குப் பத்துத் துடிப்புகள் பெறப்பட்டன.

2009 இல் ஸ்ரான்போர்டில் இயங்கத் தொடங்கிய இலேசர் 0.15 நனோமீற்றரை எட்டியது உண்மையே. ஆயின் அதற்கு ஒரு கிலோமீற்றர் நீள வேகவளர்கருவி வேண்டியதாயிற்று. அதன் பணி வேறு. மேசைக் கருவியின் பணி வேறு. பின்னையது நுண்ணிய உருக்காணலையும் பிளாஸ்மா ஆய்வையும் பல்கலைக்கழக மாணவரின் கைக்கெட்டச் செய்தது. வலுவைக் குவித்தலினும், அதனை வேண்டிய இடத்தில் வேண்டிய கணத்திற் செலுத்துதலே மேலென்பது இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.